அடுப்பங்கரைக்கு வந்த புகைக்கூண்டு

சமையலறைக்கும் தேச க்ஷேமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. கதரைப் பற்றி எழுதுங்கள், பாஷையைப் பற்றி எழுதுங்கள், விறகடுப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் ஒன்றே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஈர விறகையும் ஊதுகுழலையும் வைத்துக்கொண்டு அவர்கள் பத்துப் பேருக்குச் சோறு வடித்துப் பார்க்கட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த பிறகு பேசலாம்.

பாபநாசத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் நம் அத்தை ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் வீட்டு அடுக்களையின் மூலையில் எரிவாயு உருளை ஒன்று மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டு நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய சர்க்கார் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியாக வந்தது அது. காலைக் காபிக்கும், அகாலத்தில் வந்து நிற்கும் விருந்தாளிக்கும் அதை மூட்டுவார். சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் விறகடுப்பில்தான். "கொல்லையிலே மட்டையும் பாளையும் மலைபோலக் கிடக்கிறது. காசைக் கொடுத்துக் காற்றை வாங்கச் சொல்கிறாயா, தம்பி?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் விடை இருக்கலாம், நம்மிடம் இல்லை.

ஆனால் அத்தைக்கு இருமல் இருந்தது. இரவில் ஆரம்பித்தால் விடியும் வரை நிற்காது. பீடி, சுருட்டு, புகையிலை ஒன்றையும் அறியாத மாதரசிக்கு இப்படி ஓர் இருமல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அடுக்களைச் சுவரைப் பார்த்தாலே போதும். ஐம்பது வருஷத்துப் புகை அங்கே தார் பூசினாற்போலப் பளபளத்தது. சுவரில் படிந்தது பாதி என்றால், மற்றது எங்கே படிந்திருக்கும்? வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, எரு, மண்ணெண்ணெய் இவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. காலராவும் பிளேக்கும் வந்தால் ஊர் அலறுகிறது. இது ஓசையில்லாமல் அடுப்பங்கரையில் நடப்பதால் அலறுவாரில்லை.

எனவே, அத்தைக்குப் புகைக்கூண்டு வைத்த அடுப்பு ஒன்று கட்டிக் கொடுப்பது என்று நாம் தீர்மானித்தோம். தீர்மானித்தது சுலபம். செய்த தப்புக்களைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

புகையற்ற அடுப்பு என்பது நேற்று முளைத்த எண்ணமன்று. காந்தியடிகள் 1934-ஆம் ஆண்டு அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தினார். அதை நடத்தும் பொறுப்பு நம் தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பாவின் கையில் இருந்தது. அந்தச் சங்கத்தார் வார்தாவில் மகன்வாடியில் இருந்துகொண்டு, செக்கு, கைக்குத்தலரிசி, காகிதம் இவற்றோடு அடுப்பையும் ஆராய்ந்தார்கள். சுதந்தரம் வந்த 1947-ஆம் ஆண்டில் 'மகன் சூலா' என்ற மண்ணடுப்பு அங்கிருந்து வெளிவந்தது. அதன் பின் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு புகைக்கூண்டு அடுப்பு ஒன்றை வகுத்து, 1953-இல் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் வெளியிட்டார். பங்களூர் விஞ்ஞானக் கழகத்தார் மூன்று பாத்திரம் வைக்கும் 'அஸ்திர ஒலே' என்ற அடுப்பைச் செய்தனர். கன்னடத்து ஒலேயும் நம் உலையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இலக்கண ஆசிரியர்கள் கவனிப்பார்களாக.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1980-களின் நடுவில் தொடங்கி 2002 வரை நடந்த தேசியத் திட்டத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புக்கள் கட்டப்பட்டதாகக் கணக்கு. அவ்வளவும் எங்கே என்று கேட்டால், பெரும்பாலானவை இடிந்து பழைய மும்முனை அடுப்பாகிவிட்டன என்பதுதான் பதில். ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரிஸ்ஸாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி நல்ல வெளிச்சம் தருகிறது. ரேமா ஹன்னா, எஸ்தர் தூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 44 கிராமங்களில் சுமார் 2600 குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். புகைக்கூண்டு அடுப்பு கட்டிய முதல் வருஷத்தில் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. அதன் பின்னர் அந்த லாபம் மறைந்துவிட்டது. அடுப்பைச் சரியாக உபயோகிக்கவில்லை, உடைந்ததைப் பழுது பார்க்கவில்லை என்பதே காரணம். அடுப்பைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள், கரி தங்கிவிட்டது.

இதையெல்லாம் நாம் படித்திருந்தோம். படித்திருந்தும் அதே தப்பைச் செய்தோம்.

வைகாசியில் வேலை தொடங்கிற்று. கொத்தனார் அனுபவசாலி. புற்றுமண்ணும் மணலும் கலந்து, வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, இரண்டு நாள் ஊறவைத்து மிதித்துப் பக்குவப்படுத்தினார். தரையில் வேண்டாம், இடுப்பளவு மேடை கட்டி அதன்மேல் அடுப்பை வையுங்கள் என்று சொன்னோம். இது வெறும் சௌகரியத்துக்காக அன்று. தரையடுப்பில் தவழும் குழந்தையின் கை எட்டும், குனியும் போது முந்தானை எட்டும், எண்ணெய்ச் சட்டியைக் கோழி கவிழ்க்கும். மேடையில் இந்தத் தொல்லைகள் பாதி குறைகின்றன. அத்தைக்கு மட்டும் மனமில்லை. உட்கார்ந்து சமைத்த உடம்பு நின்று சமைக்குமா என்று பத்து நாள் முணுமுணுத்தார். பதினோராம் நாள் முழங்கால் வலி குறைந்திருப்பதாகச் சொன்னார்.

அடுப்பின் அமைப்பு இதுதான். விறகு வைக்கும் வாய் ஒன்று. அதற்குள்ளே தணல் நிற்கும் இரும்புச் சல்லடை. சாம்பல் கீழே விழவும், காற்று கீழிருந்து மேலே ஏறவும் அது இடம் கொடுக்கிறது. அதற்கு நேர் மேலே முதல் பாத்திரத்துக்கான குழி. அங்கிருந்து சற்றே மேல்நோக்கிச் சரிந்த சுரங்கம் போன்ற வழி, இரண்டாவது குழிக்கு. இது நம் கொடியடுப்புத்தான், புதிதல்ல. அதையும் தாண்டி, சூடு இழந்த புகை போய்ச் சேரும் குழாய். குழிகளின் வாய், வீட்டில் வழக்கமாக வைக்கும் பாத்திரத்தின் அடிக்கு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். பழைய அடுப்பில் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்தும் மூன்று குமிழ்கள் இங்கே கூடாது. குமிழ் இருந்தால் இடுக்கு இருக்கும். இடுக்கு இருந்தால் புகை குழாய்க்குப் போகாமல் அறைக்குள் வரும். இரண்டாவது குழியில் பாத்திரம் இல்லாத வேளையில் மண் மூடியால் மூடி வைக்க வேண்டியதும் இதே காரணத்தினால்தான்.

குழாய் நாலங்குல விட்டம். முன்னே சர்க்கார் அடுப்புக்களில் கல்நார் சிமெண்டுக் குழாய் வைப்பது வழக்கமாயிருந்தது. கல்நார்த் தூள் நுரையீரலுக்கு எமன் என்பது இப்போது ஐயமறத் தெரிந்த விஷயம். ஆகவே நாம் சுட்ட மண் குழாயே வாங்கினோம். பழைய கல்நார்க் குழாய் வீட்டில் இருக்குமாயின் அதை அறுக்கவும் உடைக்கவும் வேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கட்டி முடிந்தது. பதினைந்து நாள் நிழலில் உலரவிட்டு, பிறகு சுள்ளியை மட்டும் வைத்துச் சிறு தீயாக நாலைந்து நாள் எரித்து அடுப்பைப் பழக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்துவிட்டபடியால் நாம் ஊருக்குத் திரும்பினோம். கூரைக்கு மேலே குழாயை நிறுத்தும் வேலை பாக்கியிருந்தது. "நீங்கள் போய்வாருங்கள், வாத்தியாரையா. இது எனக்குத் தெரியாத வேலையா?" என்றார் கொத்தனார். கூலியை அனுப்பிவிட்டோம். மறந்தும் விட்டோம்.

தீபாவளிக்குப் போனால், அடுக்களை முன்போலவே புகைந்து கிடக்கிறது! இரண்டாம் அடுப்பைச் சுற்றிப் புதுச் சுவரும் கறுத்துவிட்டது. அத்தை ஒரு குறையும் சொல்லவில்லை. ஆடிக் காற்று அடித்தது முதல் புகை திரும்பி உள்ளே வருகிறதாம். "பிள்ளை ஆசையாகச் செய்து கொடுத்தான், குறை சொல்லக் கூடாது" என்று பேசாமல் இருந்துவிட்டாராம். இந்தப் பெருந்தன்மையை நினைத்தால் நமக்கு இன்னும் வெட்கமாயிருக்கிறது.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தோம். குழாயின் நுனி, ஓட்டின் முகட்டுக்கு ஒரு முழம் தாழ்வாகவே நின்றுவிட்டது. காற்று முகட்டில் மோதிக் கீழே சுழலும்போது குழாயின் வாயை அடைத்துப் புகையை உள்ளே தள்ளியிருக்கிறது. சூடான காற்று இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஓடி வரும் என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறோம். புகைக்கூண்டு வேலை செய்வது இந்த ஒரே விதியினால்தான். உயரமும் சூடும் இருந்தால் இழுப்பு உண்டு; இல்லாவிடில் இல்லை. குழாயின் நுனி முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். பக்கத்தில் மாடியோ மரமோ இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது புகை விஷயம். இதைவிடப் பெரிய விபரீதம் ஓட்டுக்குக் கீழே ஒளிந்திருந்தது. குழாய் கூரையைத் துளைத்துப் போகுமிடத்தில் கைமரம் இரண்டு விரற்கடைத் தூரத்தில் இருந்தது. மழைத் தண்ணீர் இறங்காதிருக்கும் பொருட்டுக் கொத்தனார் அந்த இடுக்கில் வைக்கோலைத் திணித்து மேலே மண்ணைப் பூசியிருந்தார். மண்ணைத் தட்டினோம். வைக்கோலில் பாதி கரியாகியிருந்தது. கைமரத்தின் விளிம்பு நகத்தால் கீறினால் உதிரும்படி கருகியிருந்தது. தீப்பற்றவில்லை, பற்றுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. அதற்கு நேர் கீழேதான் அத்தை படுப்பது வழக்கம்.

நாம் ஏணியிலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டோம். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் அது. பள்ளி ஆசிரியராயிருப்பவர் எவரும் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு: 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற் கொட்டகைக் கீற்றில் பற்றிய நெருப்பு, வகுப்பறைக் கூரைக்குத் தாவிற்று. 94 குழந்தைகள் மாண்டார்கள். நெருப்பும் கீற்றும் அடுத்தடுத்து இருக்கலாம் என்று யாரோ நினைத்ததுதான் அதன் ஆரம்பம். கொத்தனாரைக் கோபிக்க நமக்கு வாய் வரவில்லை. மேற்பார்வை பார்க்காமல் கூலியை மட்டும் அனுப்பியது யார்?

திருத்தும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. கைமரத்தை அறுத்து, குறுக்குச் சட்டம் கொடுத்து, குழாயிலிருந்து நாற்புறமும் ஒன்றரை அடிக்குள் மரமே இல்லாதபடி செய்தோம். துளையைச் சுற்றி இரும்புத் தகட்டால் ஒரு காலர் அடித்தோம். குழாயை உயர்த்தி, மேலே மழை விழாமல், புகை பக்கவாட்டில் போகும்படி தகட்டுக் குல்லாய் ஒன்று வைத்தோம். குழாயை எங்கும் முழங்கை போல மடக்கவில்லை. மடங்கும் இடத்தில்தான் கரி குடியேறும். அடியில், ஒரு செங்கல் அளவுக்கு, எடுத்துப் போட்டுப் பொருத்தும்படியான சிறு திறப்பு வைத்தோம். அடுப்பைக் கட்டும்போதே இதைக் கேட்டு வாங்காதவர்கள் பின்னால் சுவரை இடிக்க நேரும். கீற்று வேய்ந்த வீடானால் கூரை வழியே குழாயை விடும் எண்ணமே வேண்டாம். வீட்டுக்கு எட்ட, ஓடு போட்ட சிறு சமையற் கொட்டகை கட்டிக்கொள்வதே முறை.

இனி, நித்தியப்படி உபயோகம். காலையில் குளிர்ந்திருக்கும் குழாயில் இழுப்பு இருக்காது. அடித் திறப்பில் ஒரு பிடி தென்னஞ்சருகை வைத்துக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிவிட்டு, திறப்பை மூடிப் பிறகு அடுப்பைப் பற்றவைக்கலாம். இழுக்கிறதா என்பதை அறிய வழி ஒன்று உண்டு. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி விறகு வாயருகே பிடியுங்கள். வத்திப் புகை உள்ளே வளைந்து போனால் சரி. உங்கள் முகத்துக்கு வந்தால் குழாயில் அடைப்பு. அறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. உள்ளே காற்று வராமல் வெளியே புகை போகாது.

விறகு காய்ந்ததாக இருப்பது மிக முக்கியம். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால், அதிலிருக்கும் அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்கும் சூடு வீண். அந்தச் சூட்டைக் கொண்டு நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஆவியாகும் மறைவெப்பத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஈர விறகின் கெடுதி அத்துடன் நிற்பதில்லை. அரைகுறையாக எரிந்த புகை குழாயின் உட்சுவரில் தாரைப் போல ஒட்டிக்கொள்கிறது. அதுவே பின்னால் தீப்பற்றும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது மந்தமாக ஒலிக்கும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் வெடிப்புக்கள் ஓடியிருக்கும். சவுக்கோ, கருவேலோ, புளியோ, கைம்மணிக்கட்டு அளவுக்குப் பிளந்து, செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட விட வேண்டும். ஐப்பசிக்கு வேண்டியதைச் சித்திரையிலேயே அடுக்குகிறவன் புத்திசாலி. அடுப்பின் மேலேயே பரண் கட்டி விறகை அடுக்கும் வழக்கம் நாம் சிறு வயதில் கண்டது. அது காய்வதற்கு நல்லது, வீடு எரிவதற்கும் நல்லது.

அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கலாகாது. அதன் புகை விஷம். மூங்கிலைப் பிளக்காமல் கணுவோடு வைத்தால் வெடித்துத் தணலை வாரியிறைக்கும். சாயம் அடித்த பழைய கதவு, ஒட்டுப்பலகை இவையும் வேண்டாம். இந்தக் காலத்தில் புதிதாக ஒரு துர்ப்பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. தீ மூட்டுவதற்குப் பிளாஸ்டிக் பையைச் சுருட்டி வைக்கிறார்கள். சருகுக்கா பஞ்சம்? அந்தப் புகையில் என்னென்ன நஞ்சு வருகிறதென்பதை எண்ணினால் அதில் வெந்த சோறு இறங்காது. விறகு பிடிக்கவில்லை என்று எரியும் அடுப்பில் மண்ணெண்ணெயை ஊற்றுவதோ, நேராக எமனுக்கு விண்ணப்பம் போடுவதாகும். சுடர் ஊற்றும் கையை நோக்கியே திரும்பி ஓடி வரும்.

அடுப்பின் எதிரில் நைலான் புடைவை கூடாது என்று அத்தைக்குச் சொன்னபோது, "நான் எந்தக் காலத்தில் நைலான் கட்டினேன்?" என்று சீறினார். மருமகளுக்காகச் சொன்னோம். பருத்தி எரிந்து சாம்பலாகும். நைலானோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். உடையில் தீப்பட்டால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். அப்படியே தரையில் படுத்துப் புரள வேண்டும். சுட்ட இடத்தில் மாவு, மை, பற்பசை என்று கண்டதையும் அப்பாமல், குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதே சிகிச்சை. பனிக்கட்டியும் வேண்டாம். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் தட்டினால் மூட வேண்டும். ஒரு வாளி மணல் அடுப்பங்கரையில் என்றும் இருக்கட்டும். அதைப் பூனைக்கு விட்டுவிட வேண்டாம்.

சமையல் முடிந்ததும் அடுப்பில் தண்ணீரைக் கொட்டி அணைக்கும் அவசரமும் தப்பு. சூடான மண் வெடிக்கும். ஆவி கையைச் சுடும். கட்டையை வெளியே இழுத்து மணலில் குத்தி அணைப்பதே நல்லது. சாம்பலை நம்பக் கூடாது. மேலே வெண்மையாகக் குளிர்ந்து கிடக்கும். உள்ளே தணல் மறுநாள் வரை கண் விழித்திருக்கும். மூடியுள்ள மண் பானையிலோ தகரத்திலோ அதை வைத்து, நன்றாக ஆறியபின் எருக்குழியில் சேர்க்கலாம். பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைக்கோற்போருக்குப் பக்கத்தில் வைத்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். போரும் போயிற்று, தொழுவமும் போயிற்று. மாட்டை மட்டும் அவிழ்த்துவிட முடிந்தது.

கரி எரியும் குமுட்டி அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் கண்ணுக்குத் தெரியும் புகை இல்லாததால் அதை ஜனங்கள் சாது என்று எண்ணுகிறார்கள். விறகுப் புகை கண்ணைக் கரித்தாவது எச்சரிக்கும். கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆசையோடு அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து எழுவதில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விடியுமுன் மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். பிரசவ அறையில் பச்சைக் குழந்தைக்குப் பக்கத்தில் தணற்சட்டி வைத்து ஜன்னலை அடைக்கும் பாட்டிமார்களிடம் இதைச் சொல்லப் பயப்படக் கூடாது. யாருக்காவது தலை சுற்றினால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

கடைசியாக, ஒரிஸ்ஸாவில் தோற்ற விஷயம், சுத்தம் செய்வது. எவ்வளவு உயர்ந்த புகைக்கூண்டாயினும் கரி அடைத்தால் அது வெறும் தூண். மாதம் ஒரு முறையாவது, அடுப்பு முற்றிலும் குளிர்ந்த வேளையில், குழாயைத் துடைத்தாக வேண்டும். தேங்காய் நாரைப் பந்தாகக் கட்டி, நடுவில் கயிறு கோத்து, கயிற்றின் கீழ் நுனியில் ஒரு கல்லைக் கட்டினால் கருவி தயார். மேலிருந்து ஒருவர் விட, அடித் திறப்பில் ஒருவர் இழுக்க, நாலு தடவை ஏற்றி இறக்கினால் போதும். அடுப்பின் குழிகளை ஈரச் சாக்கால் மூடிக்கொள்ளுங்கள். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு குழிகளுக்கு நடுவிலுள்ள சுரங்கத்தையும் அகப்பைக் காம்பால் வாரிவிட வேண்டும். அடுப்பில் கீறல் விழுந்திருந்தால் அன்றே மண் குழைத்து அடைத்து மெழுகிவிடலாம். குழாய்க்குள் ரயில் போவது போல் ஒரு நாள் இரைச்சல் கேட்டால், உள்ளே கரி தீப்பற்றிவிட்டது என்று பொருள். விறகு வாயை ஈர மண்ணால் அடைத்துவிட்டு, எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112 என்ற எண்ணுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஏணி போட்டுக் கூரை மேல் ஏறும் வீரம் வேண்டாம்.

இவ்வளவு செய்தும், புகைக்கூண்டு அடுப்பு எரிவாயுவுக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். குழாய் வழியே போன புகை ஊரை விட்டுப் போய்விடுவதில்லை, தெருவில்தான் இருக்கிறது. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில், கடன் பட்டாவது எரிவாயுவில் சமைப்பது நல்லது என்பது நம் அபிப்பிராயம். அதன் விலையைக் குறைக்க வேண்டியவர்கள் குறைக்கட்டும். அதுவரை விறகுதான் என்று இருப்பவர்களுக்கு அந்த விறகையாவது ஒழுங்காக எரிக்கும் வழி தெரிய வேண்டாமா?

தை மாதம் போயிருந்தோம். அத்தைக்கு இருமல் அடியோடு நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான், நிற்கவில்லை. ஐம்பது வருஷத்துக் கரியை எந்த நார்ப்பந்தும் துடைக்காது. இரவில் சற்றுத் தூங்குகிறேன் என்றார். மருமகள் இருமுவதில்லை. அமாவாசைக்கு அமாவாசை குழாய் துடைப்பது என்று அவர்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்; கொத்தனாரின் மகன் கூரையேறிக் கயிறு விடுகிறான், கூலி ஒரு படி அரிசி. நார்ப்பந்து எங்கே என்று கேட்டோம். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்ததாம். மேலத்தெருவில் யாரோ புதிதாக அடுப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று வாங்கிப் போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. "தேங்காய் உரித்தால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம், அதை ஏன் கேட்பானேன்" என்று சொல்லிவிட்டு, அத்தை ஊதுவத்தியைக் கொளுத்தி அடுப்பின் வாயருகே பிடித்தார்.